பதினோராயிரத்தில் தேய்ந்த கிளட்ச்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் காரில், தன் காலுக்கென்று தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையிலேயே இருபத்திரண்டு வருஷத்தைக் கழித்தவர். கற்றுக்கொள்ள வருகிறவர் டாக்டரானாலும் தையல்காரரானாலும் முதல் நாள் பாடம் ஒன்றுதான்.

“கிளட்ச் மிதிக்கிறதுக்கு. மிதிச்ச வேலை முடிஞ்சதும் காலை எடுத்துடணும். அது கால் வைக்கிற பலகை இல்ல.”

மறந்துபோய் யாராவது காலை அதன் மேலேயே வைத்திருந்தால், மாஸ்டர் கையிலிருக்கும் நோட்டால் முழங்காலில் ஒரு தட்டு விழும். அது ஆண்களுக்கு. பெண்களுக்குத் தொண்டையை மட்டும் செருமுவார். அந்தச் செருமலுக்குத் தட்டே தேவலை என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் மாஸ்டராகவே இருந்ததுதான் வினையாகப் போயிற்று. மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். கதவு சாத்துவதிலிருந்து உறவுக்காரரிடம் போனில் பேசுவது வரைக்கும் அவள் செய்கிற எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு திருத்தம் இருக்கும். சத்தம் போட மாட்டார். நிதானமாக, காரணம் சொல்லி, தான் சொன்னதுதான் சரி என்று நிரூபித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். “நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே காலாவே இருக்கட்டும். எனக்கு நாலாவது கால் தெரியுதே, அதுக்கு நான் என்ன பண்றது?” என்று அவள் ஒருநாள் கேட்டாள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. சொல்லப்போனால் நடந்த சண்டைகள் எல்லாவற்றிலும் அவர்தான் ஜெயித்தார். எல்லாவற்றையும் ஜெயித்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார்.

அவள் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு, மலைமேலே அக்கா இருந்த ஊருக்குப் போய்விட்டாள். அங்கேயும் அதே மாதிரி வேலை கிடைத்தது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை மகள் அப்பாவோடு இருக்கலாம் என்று கோர்ட் எழுதிக் கொடுத்தது. ‘முன்னாள் மனைவி’ என்ற சொல் அவர் வாயில் நுழையவே இல்லை. ‘குட்டியோட அம்மா’ என்றுதான் சொல்வார். குட்டி என்பது மகள்.

நூற்றெண்பது கிலோமீட்டர். முதலில் ஸ்கூல் காரையே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கூரைமேல் சிவப்புப் பலகை, பின்னால் பெரிதாக ‘பயிற்சி வாகனம்’. எட்டு வயதில் குட்டிக்கு அது வேடிக்கையாக இருந்தது. பக்கத்து இருக்கையிலிருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்துச் சிரிப்பாள். பதினோரு வயதில், கூடப் படிக்கிற பிள்ளைகள் தெருவில் வந்தால் குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தாள். பன்னிரண்டாவது வயதில் அவள் அணிந்திருந்தது லேஸ் இல்லாத செருப்பு. அப்போதும் குனிந்தாள்.

மாஸ்டர் அடுத்த மாதமே புதுக் கார் எடுத்தார். நிறத்தை மகள் போனிலேயே தேர்ந்தெடுத்தாள், சாம்பல் கலந்த நீலம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்த முதல் சொந்தக் கார் அதுதான். உள்ளூரில் காய் வாங்கக்கூட அதை எடுக்க மாட்டார். மகளைப் பார்க்கப் போகிற வண்டி, அவ்வளவுதான்.

கார் வாங்கி இரண்டு மாதத்தில் கணவாய்க்குக் கீழே ஒரு வளைவில் பாதை சரிந்தது. ஒரு பக்கத்தை அடைத்து வேலையை ஆரம்பித்தார்கள். பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். மேலேயிருந்து வரும் வண்டிகளைக் கொஞ்ச நேரம் விடுவார், பிறகு கீழேயிருந்து போகிறவற்றை. செங்குத்தான அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிஷம் வரிசையில் கிடக்க வேண்டும்.

ஒரே ஒரு ஞாயிறு இருபது நிமிஷம் தாமதமாகிவிட்டது. கதவைத் திறந்த குட்டி, வெளியே போகிற உடுப்பை மாற்றிவிட்டு வீட்டு உடுப்பில் நின்றாள். “வரமாட்டீங்கன்னு நினைச்சேன்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். மழை நின்றுவிட்டது என்று சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் எந்த ஞாயிறும் தாமதமாகப் போனதில்லை.

எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியபோது, மேடு ஏறினால் ஒரு கருகல் வாடை வந்தது. சர்வீஸுக்கு விட்டபோது சொன்னார். எழுதிக்கொண்டார்கள். மாலையில் ‘பார்த்தாயிற்று, நார்மல்’ என்று சாவியைக் கொடுத்தார்கள். பதினோராயிரத்தைத் தொட்ட ஒரு இரண்டாவது ஞாயிறு, அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த என்ஜின் கத்தியதே தவிரக் கார் ஏறவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. நாலைந்து பேர் இறங்கி ஓரமாகத் தள்ளினார்கள். தள்ளியவர்களில் ஒருவர், “புதுசா ஓட்டப் பழகுறீங்களா சார்?” என்று அன்பாகக் கேட்டார்.

பாறையோரமாக நின்று மாஸ்டர் போன் செய்தார்.

“குட்டி, கார் மலையேற மாட்டேங்குதும்மா.”

“அப்ப இன்னிக்கு?”

“இன்னிக்கு முடியாது.”

“சரிப்பா” என்றாள். கிளம்பத் தயாராக அவள் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றிக் கீழே வைக்கிற சத்தம் அவருக்குக் கேட்டது.

மறுநாள் இழுவை வண்டி காரை ஷோரூமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முன்பக்கம் கண்ணாடிச் சுவருக்குள் புதுக் கார்கள், பின்பக்கம் எண்ணெய்க் கறை படிந்த தரையில் சர்வீஸ். நடுவில் ஒரு நீளமான கவுன்ட்டர். அதன் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணை அவருக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரிடம் கற்றுக்கொண்டு, மூன்றாவது தடவையில் லைசென்ஸ் டெஸ்ட் பாஸானவள்.

“உங்க வண்டியா மாஸ்டர்? கிளட்சா?” என்று அவள் நம்ப முடியாமல் கேட்டாள்.

“மெதுவா பேசும்மா. ஊரெல்லாம் கேக்கப் போகுது.”

மேனேஜர் வந்தார். கழுத்தில் டை, கையில் வாரண்டிப் புத்தகம். பக்கத்தைத் தயாராகப் பிரித்து வைத்திருந்தார்.

“கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர் இதெல்லாம் தேய்மானப் பொருள் சார். வாரண்டியில வராது.”

“பதினோராயிரத்துல தேஞ்சா அதுக்குப் பேர் தேய்மானமா? என் செருப்பு அதைவிட அதிகமா நடக்கும்.”

“அது ஓட்டுறதைப் பொறுத்தது சார். கிளட்ச் மேலயே காலை வச்சு ஓட்டினா இப்படித்தான் ஆகும்.”

மாஸ்டர் கவுன்ட்டர்காரியைப் பார்த்தார். அவள் அவசரமாகக் கம்ப்யூட்டர் திரைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டாள்.

“யாரைப் பாத்து என்ன சொல்றீங்க தெரியுமா? நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.”

“அப்படியா சார்?” என்றார் மேனேஜர், பேனாவைத் திறந்தபடி. “எந்த ஸ்கூல்?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. ‘வாகனம் ஓட்டுநர் பயிற்சிக்குப் பயன்படுத்தப்பட்டதால் கிளட்ச் தேய்ந்துள்ளது. ஆகவே வாரண்டி செல்லாது.’ கியர்பாக்ஸை இறக்காமல், ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாமல் எழுதியது. மாஸ்டர் அதை நின்றபடியே மூன்று தடவை படித்தார்.

அன்றைக்கே ஒரு பச்சை நிறக் கோப்பு வாங்கினார். கார் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போட்டார். கம்பெனி இன்ஜினியர் நேரில் வர வேண்டும், தன் கண் முன்னால் பிரிக்க வேண்டும், அதுவரை வண்டியை யாரும் தொடக்கூடாது. ‘தேதி பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று பதில் வந்தது. அவர் மறுபடி எழுதினார். மறுபடியும் அதே பதில். கல்லில் நார் உரிக்கிற வேலைதான். ஆனால் அந்த வேலையில் அவருக்கு ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு வேளையில் ஷோரூமின் பின்புறம் போய், வெயிலில் தூசி படிந்து நிற்கும் தன் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். டயருக்கு அடியில் தான் சுண்ணாம்பால் போட்ட கோட்டைவிட்டு வண்டி நகராமல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். போட்டோ எடுப்பார். காரின் முதுகில் பறவை எச்சம் கூடிக்கொண்டே போனது போட்டோவில் வரிசையாகத் தெரிந்தது.

நான்காவது ஞாயிறு வந்தது. “கார் ரெடியாயிடட்டும், வந்துடறேன்” என்று போனில் சொல்லிவிட்டு, அன்று பகல் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பிக் கடிதத்தைத் திருத்தி எழுதினார். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறும் அப்படியே போயிற்று. அன்று குட்டியே போன் செய்தாள்.

“கார் என்னாச்சுப்பா?”

“விட மாட்டேன் குட்டி. இன்ஜினியரை வரவைக்காம விட மாட்டேன். கிளட்ச்ல காலை வச்சு ஓட்டினேன்னு எழுதியிருக்காங்க. என்னை! யார்கிட்ட வேணா கேட்டுப் பாரு...”

“பஸ் இருக்குல்ல?”

“பஸ்ல ரெண்டு இடத்துல மாறணும்மா. வந்து சேரவே மத்தியானம் ஆயிடும். கடைசி பஸ் நாலு மணிக்கு. மூணு மணி நேரம்கூட முழுசா இருக்க முடியாது. அதுக்கு...”

“அப்பா.”

“சொல்லும்மா.”

“மூணுங்கிறது சைபரை விடப் பெருசுதானே?”

திருத்தம் சொல்லிப் பழகிய வாய் திறந்தது. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. எதிர்முனையில் குட்டி காத்திருந்தாள். பிறகு, “நான் என்னப்பா பண்ணேன்?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலில் அழுகையில்லை. கணக்கில் தப்பு எங்கே என்று தேடுகிற பிள்ளையின் குரல்.

நான்காவது ஞாயிறு விடிவதற்குள் மாஸ்டர் பஸ் நிலையத்தில் இருந்தார். இரண்டாவது பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. பழக்க தோஷத்தில் டிரைவரின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

சரிந்த வளைவுக்குக் கீழே பஸ் நின்றது. சிவப்புக் கொடி. டிரைவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், நியூட்ரலில் போட்டார், இரண்டு கால்களையும் எடுத்துச் சம்மணம் கட்டிக்கொண்டு ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தார். அவருக்கு முன்னால் ஒரு சிவப்புக் கார். அது நிற்கவும் இல்லை, போகவும் இல்லை. அரையடி முன்னால் ஏறுவதும் பின்னால் வழுக்குவதுமாக ஏற்றத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா சார்?” என்றார் டிரைவர், ஒரு சுளையைப் பின்னால் நீட்டியபடி. “பிரேக் போடாம, பாதி மிதிச்ச அரை கிளட்ச்லயே தொங்கிட்டு நிக்கிறான், பிளேட் தேயுது. அரையடி முன்னால போய் என்னத்தைக் கிழிக்கப் போறான்? கொடி மாறினாதானே யாருக்கும் வழி?”

மாஸ்டர் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பஸ்ஸின் தகரத் தரையை, கிளட்சைப் பாதி மிதித்து நிற்பது போல, அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. கெண்டைச் சதை விறைத்திருந்தது. யாரும் சொல்லாமல், எதையும் யோசிக்காமல், இந்த வளைவுக்கு வந்ததும் அந்தக் கால் தானாகப் போய் அப்படி நின்றிருந்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இதே ஏற்றம். முன்னால் போகிற லாரியின் பின்பலகை. கடிகாரத்தை ஒரு தடவை, கொடியை ஒரு தடவை பார்ப்பது. ஹேண்ட்பிரேக் போட்டால், மறுபடி எடுத்துக் கிளம்ப இரண்டு நொடி ஆகுமே, அதற்குள் பின்னாலிருப்பவன் நுழைந்துவிட்டால்? ஒன்பதே முக்காலுக்குள் ஊருக்குள் நுழைய வேண்டுமே. அதனால் காரை அரை கிளட்சில் பிடித்து, பாய்வதற்குத் தயாராக, கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிற நாய் மாதிரி நிறுத்தி வைத்திருந்தார். இருபத்திரண்டு ஞாயிறு, தடவைக்கு நாற்பது நிமிஷம். கூட்டிப் பார்த்தால் பதினாலு மணி நேரத்துக்கு மேல். ஸ்கூலில் யாராவது பதினாலு நொடி அப்படி நின்றிருந்தால் முழங்காலில் நோட்டு விழுந்திருக்கும். ஊருக்குத்தான் உபதேசம் என்பது இவ்வளவு பச்சையாக நடக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

கையிலிருந்த ஆரஞ்சுச் சுளை கசங்கி, சாறு விரலிடுக்கில் வழிந்தது.

பஸ் போய்ச் சேர்ந்தபோது ஒன்றேகால். குட்டியும் அவள் அம்மாவும் நிலையத்தில் நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மகள் அவர் காதுவரை வளர்ந்திருந்தாள். இல்லை, முன்பே வளர்ந்திருந்து, காரில் பக்கத்தில் உட்கார்ந்தே போனதால் அவருக்குத் தெரியவில்லையோ என்னவோ.

குட்டியின் அம்மா அவர் கக்கத்தைப் பார்த்தாள். “இதுக்கும் ஃபைல் கொண்டுவந்திருக்கீங்களா?”

பச்சைக் கோப்பு. ஷோரூமுக்குப் போகிற பழக்கத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டிருந்தார். பைக்குள் திணித்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நாலு மணி பஸ் நாலுக்கே எடுத்துடுவான். விட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார் இல்லாததால் எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. காரில் வந்தால் ஏரிக்கோ சினிமாவுக்கோ நாற்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போவது வழக்கம். அந்த ஊரின் தெருக்களில் அவர் நடந்ததே இல்லை. குட்டி முன்னால் நடந்தாள். கம்பாஸ் பெட்டி வாங்குகிற கடை, நூலகத்தின் உடைந்த மூன்றாவது படி, பூட்டு ரிப்பேர்க் கடையில் படுத்திருக்கும் ஒற்றைக் காது நாய். நாய் அவளைக் கண்டதும் எழுந்து வந்து அவர் காலை மோந்து பார்த்துவிட்டு, இவனை நமக்குத் தெரியாதே என்பது போலத் திரும்பிப் போய்ப் படுத்தது.

“ஸ்கூலுக்கு இப்படித்தான் போவேன்” என்று ஒரு படிக்கட்டுச் சந்தில் ஏறினாள். அவருக்கு மூச்சு வாங்கியது. மேலே நின்றால் அவர்கள் வீட்டு மாடி தெரிந்தது. கொடியில் இரண்டு வெள்ளைச் சட்டையும் ஒரு நீலப் பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. ஐந்து வருஷமாக அவர் மகளை ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். பள்ளி உடுப்பில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலை தலை வாரிக்கொண்டே எதையோ காணோம் என்று தேடுகிறவளை, புதன்கிழமை பரீட்சை சொதப்பிவிட்டு வருகிறவளை, தூங்கி வழிந்துகொண்டு சாப்பிடுகிறவளை அவருக்குத் தெரியாது. அந்த நாட்கள் எல்லாம் இந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.

“என்னப்பா பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. குட்டி, அந்தக் கிளட்சைத் தேய்ச்சது நான்தான்.”

அவள் நின்றாள். “ஏம்பா?”

“சீக்கிரம் வரணும்னு.”

குட்டி படிக்கட்டுக் கைப்பிடியில் உரிந்திருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினாள். பிறகு, “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ஒரு வாரம் சிரிப்பாங்க” என்றாள்.

நாலு மணி பஸ்ஸில் ஏறியபோது ஜன்னலோரம் வந்து நின்றாள். பஸ் நகர்ந்ததும் கூடவே நடந்தாள், கொஞ்சம் வேகமாக, பிறகு ஓட்டமாக. வளைவில் நின்றுவிட்டாள். காரில் வந்த நாட்களில் அவர்தான் அவளை வாசலில் விட்டுவிட்டுக் கிளம்புவார். கண்ணாடியில் பார்த்தால் கதவு சாத்தியிருக்கும். தன் பின்னால் யாரோ ஓடி வருவதை அவர் எத்தனையோ காலமாகப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம், யாருமே எதிர்பார்க்காத ஒரு வியாழக்கிழமை, இன்ஜினியர் வந்துவிட்டார் என்று தகவல் வந்தது. டை இல்லாத, சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு மனிதர். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டைக் கழற்றி, பழைய செய்தித்தாளின் மேல் வைத்தார்கள். நாலு பேர் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். பிளேட்டின் மேற்பூச்சு அடியோடு தேய்ந்து ஆணிகளின் தலை தெரிந்தது. அது உரசுகிற ஃப்ளைவீலில் நீலம் நீலமாகச் சூட்டுத் தழும்புகள்.

“பாத்தீங்களா சார்?” என்று மேனேஜர் முந்திக்கொண்டார். “டிரைவிங் ஸ்கூல் ஓட்டம். நான் அன்னிக்கே எழுதினேன்.”

“இருங்க” என்றார் இன்ஜினியர். “பழகுறவங்க ஓட்டின வண்டின்னா கியரெல்லாம் கடிச்சிருக்கும். பெடல் ரப்பர் தேஞ்சிருக்கும். பக்கத்து சீட்டுக்கு பிரேக் மாட்டின ஓட்டை இருக்கும். இதுல எதுவுமே இல்ல. கியர் புதுசு மாதிரி இருக்கு. இது மேட்டுல நின்னுக்கிட்டே சூடேறினது.” நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தார். “இல்ல, பிளேட்டே மோசமாவும் இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. நீங்க மேட்டுல எப்படி நிறுத்துவீங்க சார்?”

கவுன்ட்டர்காரி வாசலில் நின்றிருந்தாள். ஹேண்ட்பிரேக் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் மாஸ்டர் என்று அவள் முகம் கெஞ்சியது. ஒரு வார்த்தைதான். சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. இருபத்திரண்டு வருஷத்துக் கௌரவமும் அதோடு முழுசாகக் கையில் வந்துவிடும்.

“அரை கிளட்ச்ல” என்றார் மாஸ்டர். “ஒரு வருஷமா. நாற்பது நாற்பது நிமிஷம்.”

வாசலிலிருந்து ஒரு செருமல் கேட்டது. அச்சு அசல் அவருடைய செருமல். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவை.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. “அப்ப முடிஞ்சது சார். நீங்களே...”

“முடியல. என் தப்பை நான் சொன்னேன். உங்களுதை நீங்க சொல்லணும். ஒரு போல்ட்டைக்கூடக் கழட்டாம, ஸ்கூலுக்கு விட்டேன்னு எழுதிட்டீங்க. இது ஸ்கூல் வண்டி இல்ல. என் பொண்ணைப் பாக்கப் போற வண்டி. அந்த வரியை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுங்க.”

கவுன்ட்டர்காரி உள்ளே வந்தாள். கையில் ஒரு பழைய சர்வீஸ் அட்டை.

“சார், எட்டாயிரத்துல கருகல் வாடை வருதுன்னு மாஸ்டர் சொல்லியிருக்கார். மேட்டுல ஓட்டிப் பாக்காமலே நார்மல்னு எழுதிக் கொடுத்தது நாமதான். அன்னிக்கே பாத்திருந்தா, ஏன் இப்படி ஓட்டறீங்கன்னு அன்னிக்கே கேட்டிருக்கலாம்.”

அந்த ‘நாமதான்’ மேனேஜருக்குக் கசந்தது. ஆனால் கம்பெனி ஆள் அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பிளேட் மாஸ்டருடைய செலவு, ஃப்ளைவீலும் கூலியும் ஷோரூமுடையது என்று ஆயிற்று. இரண்டு வரியில் வாபஸ் கடிதமும் கிடைத்தது. ஒரு காலத்தில் அப்படி ஒரு கடிதத்தை நாலு பேருக்குக் காட்டாமல் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது. இதைக் கோப்பில் போட்டு அலமாரிக்கு மேல் வைத்தவர், யாரிடமும் பேச்செடுக்கவில்லை. ஸ்கூலில் மட்டும், கிளட்ச் பாடத்தோடு ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார்: “எனக்கே தேஞ்சுது. ஜாக்கிரதை.”

கார் வந்த முதல் ஞாயிறு பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார். வரிசையில் நிற்கிறேன், தாமதமாகும் என்று வழியிலேயே போன் செய்திருந்தார். குட்டி வெளியே போகும் உடுப்பில்தான் இருந்தாள். ஏரிக்குப் போனார்கள். நன்றாகத்தான் இருந்தது. திரும்பும் வழியில் அவள், “அடுத்த தடவை பஸ்ல வாங்களேன்” என்றாள்.

“ஏன்? கார் பிடிக்கலையா?”

“அப்படி இல்லப்பா. கார் இருந்தா எங்கயாவது போயிடுறோம்.”

அவர் ஒரு ஞாயிறு காரிலும் ஒரு ஞாயிறு பஸ்ஸிலும் போக ஆரம்பித்தார். காரில் போனால் ஏழு மணி நேரம் கிடைத்தது, ஆனால் ஊர் கிடைக்கவில்லை. பஸ்ஸில் போனால் படிக்கட்டும் நூலகமும் நாயும் கிடைத்தன, நேரம் கிடைக்கவில்லை. எதை எடுத்தாலும் எதையோ விட வேண்டியிருந்தது. வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் அவர் பார்க்கும்போதெல்லாம் கொடியில்தான் இருந்தன.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். பல் டாக்டர் ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. பாடம் நடக்கும்போது அவர் போனை எடுப்பதில்லை. எடுத்துப் பெயரை மட்டும் பார்த்தார்.

“ஓரமா நிறுத்துங்க டாக்டர்.”

“நான் என்ன தப்பு பண்ணேன் மாஸ்டர்?”

“ஒண்ணும் பண்ணல. நிறுத்துங்க.” போனைக் காதில் வைத்தார். “குட்டி? என்னம்மா? அம்மாவுக்கு ஏதாவதா?”

“இல்லப்பா. சும்மாதான்.”

ஐந்து வருஷத்தில் வந்த அழைப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. காய்ச்சல், மார்க், இந்த ஞாயிறு வரவேண்டாம், பெரியம்மாவோடு வெளியூர் போகிறோம்.

“சும்மாவா?”

“ஆமா. ஸ்கூல்லேருந்து இப்பதான் வந்தேன். அம்மா இன்னும் வரல. இங்க மழை.”

“இங்க வெயில்.”

“ம்.”

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவள் போனை வைக்கவில்லை. ஏதோ ஒரு டப்பாவைத் திறக்கிற சத்தம், நாற்காலியை இழுக்கிற சத்தம், நோட்டின் பக்கம் புரள்கிற சத்தம். அதற்கெல்லாம் பின்னால் மழை, அந்த வீட்டுத் தகரத்தின் மேல் விடாமல் பெய்துகொண்டிருந்தது.

“கிளம்பலாமா மாஸ்டர்?” என்றார் பல் டாக்டர்.

மாஸ்டர் கையைக் காட்டினார், கொஞ்சம் பொறுங்கள் என்று. இன்னொரு கையால் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, நூற்றெண்பது கிலோமீட்டருக்கு அப்பால் பெய்யும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிறுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.